முகர்ந்து பார்த்தவர்

சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலேயே அது ஊசிவிட்டது என்று சொல்லக்கூடிய ஒருவரை நான் அறிந்திருந்தேன். நான் ஏற்பாடு செய்த கூட்டம் ஒன்றில்தான் அவரை முதலில் பார்த்தேன். சமூகப் பணியில் முதுகலை முடித்துவிட்டு, வண்ணார்பேட்டையில் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆற்றங்கரை ஊர்களில் கூலி வேலை செய்யும் பெண்களைக் கூட்டிப் பேசுவது என் பொறுப்பு. அன்றைய கூட்டம் நான் வாழ்க்கைப்பட்ட ஊரான ஸ்ரீவைகுண்டத்திலேயே நடந்தது. நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், வீட்டுச் சுகாதாரம்.

மதிய உணவுப் பொட்டலங்கள் வந்து மண்டபத்தின் மூலையில் அடுக்கப்பட்டன. கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து அங்கே போனார். குனிந்தார், நிமிர்ந்தார். நான் பேசிக்கொண்டிருந்ததைப் பொருட்படுத்தாமல் சொன்னார்:

"யக்கா, சாம்பார் ஊசிப் போச்சு. யாரும் திங்காதிய."

"இப்பதான் ஓட்டல்ல இருந்து வந்துது. தொட்டுப் பாருங்க, சூடா இருக்கு" என்றேன்.

"சூடா இருந்தா ஊசாதாக்கும்? ஒண்ணப் பிரிச்சு நாக்குல வச்சுப் பாருங்க. நான் சொல்லுதது பொய்னா அம்புட்டுப் பொட்டலத்தையும் நானே தின்னுட்டுப் போறேன்."

கூட்டம் சிரித்தது. நான் பிரித்து வாயில் வைத்தேன். புளித்திருந்தது. வெற்றி பெற்ற முகம் எதையும் அவர் காட்டவில்லை. "தயிர்ச்சோறு நல்லாருக்கு, அது போதும்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, "நீங்க சொல்லுங்க" என்று எனக்கு அனுமதி கொடுத்தார். சுகாதாரம் குறித்து அதற்கு மேல் என்னால் அன்றைக்கு அதிகம் பேச முடியவில்லை.

ஊருக்கு வெளியே ஓர் அரிசி ஆலையின் களத்தில் அவர் வேலை பார்த்தார். நெல்லைக் காயவைத்துக் கிண்டிவிடுவதும் மூட்டை பிடிப்பதும் வேலை. ஆனால், ஆலைக்காரர் அவரை விடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் அவருடைய மூக்குதான் என்பார்கள். வண்டியில் வந்து இறங்கும் நெல்லில் ஒரு கை அள்ளி முகத்தருகே கொண்டுபோவார். "இது ரெண்டு வெயில் கேக்கும்" என்பார், அல்லது "இது மழையில நனைஞ்சத மறைச்சுக் கொண்டாந்திருக்காவ" என்பார். ஈரம் அளக்கும் கருவி ஒன்று ஆலையில் இருந்தது. அவர் சொன்ன பிறகு அதையும் வைத்துப் பார்ப்பார்களாம், அது சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள.

என்னைவிட அவர் மூத்தவரா இளையவரா என்பது கடைசிவரை எங்கள் இருவருக்கும் தெரியாது. அவர் என்னை அக்கா என்றார், நானும் அவரை அக்கா என்றேன்.

அவருடைய உதவி எனக்குத் தேவைப்பட்டது என் மகளுக்காக. அவளுக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் காலை வழிபாட்டில் நிற்கும்போதே இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டாள். உடம்பில் இரத்தம் போதவில்லை, சத்தும் போதவில்லை என்று மருந்து எழுதிக்கொடுத்த மருத்துவர், தினம் ஒரு முட்டை கொடுங்கள் என்றும் சொன்னார். எங்கள் வீடோ தலைமுறை தலைமுறையாகச் சைவம். அடுப்படியில் வெங்காயம் நுழைவதற்கே கிழமை பார்க்கும் வீடு. என் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை மூன்று நாள் யோசித்தார்கள். நான்காம் நாள் தீர்ப்புச் சொன்னார்கள்.

"கடை முட்டை வேண்டாம். அது எந்தக் கோழி போட்டுதோ, என்னத்தத் தின்னுதோ. பெட்டைக் கோழி மட்டும் நாலு வாங்கிப் பின்னால வளத்துக்கோ. சேவல் வாசப்படி ஏறக் கூடாது. சேவல் இல்லாத முட்டையில உசிரு கிடையாதாம், எம் மவன் படிச்சுச் சொன்னான். அங்கனயே தனி அடுப்புல அவிச்சு, அங்கனயே குடுத்திரு. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன், ஏளா. நாத்தம்னு ஒரு நாள் இந்த அடுப்படிக்கு வந்துதுன்னா, அன்னைக்கே கோழியெல்லாம் போயிரணும்."

அத்தை விட்டுக்கொடுத்தது எவ்வளவு பெரியது என்பது எனக்குத் தெரியும். அந்த நிபந்தனை எவ்வளவு கடுமையானது என்பது எனக்குத் தெரியவில்லை.

கோழிக்கூடு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆகவே, எங்களுக்குத் தெரிந்த ஒன்றைக் கட்டினோம். குளியலறை கட்டியதில் மிஞ்சிய செங்கலையும் பளபளக்கும் தரை ஓட்டையும் வைத்து, பின்கட்டுச் சுவரோரம், நாலு பக்கமும் வலையடித்து, மேலே தகரம் போட்டு, ஒரு சின்னப் பூசையறையைப் போல ஒன்றை எழுப்பிவிட்டோம். கோழி ஏறி உட்கார ஓர் எவர்சில்வர் குழாய். முட்டையிட, துணி விரித்த பிளாஸ்டிக் தொட்டி. அத்தை வாசலில் ஒரு சின்னக் கோலமும் போட்டிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது.

கோழி எங்கே வாங்கலாம் என்று களத்தில் வேலை பார்த்த அவரிடம் கேட்டேன். "வாங்காண்டாம். எங்கிட்ட இருக்கத வாரத்துக்கு விடுதேன்" என்றார். வாரம் என்பது எங்கள் பக்கத்துப் பழைய ஏற்பாடு. ஒருவருடையதை இன்னொருவர் பராமரித்து, விளைவதைப் பாதிப் பாதி எடுத்துக்கொள்வது. என் கணவரின் பாட்டன்மார் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மனிதர்களுக்கு வயலை வாரத்துக்கு விட்டவர்கள். அதே பக்கத்திலிருந்து வந்த ஒருவர் இப்போது எங்கள் வீட்டுக்கு நான்கு பெட்டைக் கோழிகளை வாரத்துக்கு விடுகிறார். முட்டையில் பாதி அவருக்கு. இதைச் சொன்னபோது அத்தை விளக்குத் திரியைத் திரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசித் திரியையும் திரித்து வைத்துவிட்டு, "சரி, அவ பொருளு. பத்திரமாப் பாக்கணும்" என்றார்கள்.

கோழிகளை ஒரு சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வந்தார். சாக்கை இறக்கவே இல்லை. கூட்டின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார். மூச்சை இழுத்தார்.

"இங்கன யாரு குளிக்கா?"

"யாரும் குளிக்கலியே. தெனம் ரெண்டு தரம் கழுவிவிடலாம்னுதான் ஓடு பதிச்சிருக்கோம்" என்றேன்.

"தெனம் கழுவுனா கோழி செத்துப் போவும். அதுக்கு முந்தி நீங்க நாத்தத்துல செத்துப் போவிய. ஈரம்தான் நாறும் யக்கா. காஞ்சது நாறாது."

சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்த அத்தையால் பொறுக்க முடியவில்லை. "தண்ணி ஊத்திக் கழுவாம எப்படிட்டி சுத்தமாவும்?"

"ஆச்சி, களத்துல நெல்லு காயுது. அது மேல தண்ணிய ஊத்திச் சுத்தம் பண்ணுவியளா?"

அத்தையிடம் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நான் குறுக்கே விழுந்து எதையோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். அத்தையோ, பதில் சொல்ல வேண்டிய கேள்வி என்று நினைத்ததுபோல யோசித்துக்கொண்டு நின்றார்கள்.

அன்று பகல் முழுவதும் எங்கள் பூசையறை கோழிக்கூடாக மாறியது. எவர்சில்வர் குழாயை உருவிப் போட்டார், கால் வழுக்குமாம். தோட்டத்துப் பூவரசில் மணிக்கட்டுத் தடிமனில் ஒரு கொப்பை வெட்டி, பட்டையைச் சீவாமல் இடுப்பு உயரத்தில் குறுக்கே கட்டினார். பிளாஸ்டிக் தொட்டி வியர்க்குமாம். அதற்குப் பதிலாக, சாத்தான்குளத்தில் கட்டிக்கொடுத்த தன் அக்கா முடைந்த இரண்டு பனையோலைக் கடவப் பெட்டிகளைக் கொண்டுவந்திருந்தார். அவற்றில் வைக்கோலைத் திணித்து, வெளிச்சம் படாத மூலையில் வைத்து, முன்னால் ஒரு சாக்குத் துணியைத் திரைபோலத் தொங்கவிட்டார். "முட்ட போடுறப்ப யாரும் பாக்கக் கூடாது. அதுக்கும் கூச்சம் உண்டும்லா?" உடைந்த சட்டி ஒன்றில் அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து வைத்தார், கோழி புரண்டு குளிக்க. மேற்கேயிருந்து மேல்காற்று அடிக்கும் பக்கத்து வலையில் ஓலைத் தட்டி கட்டினார். எதிர்ப்பக்கத்தைத் திறந்துவிட்டார். கடைசியாக, ஆலையிலிருந்து கொண்டுவந்த உமியைத் தரை ஓட்டின் மேல் நான்கு விரல் கனத்துக்குக் கொட்டிப் பரப்பினார்.

"இதக் கூட்டக் கூடாது, கழுவக் கூடாது. சாயங்காலம் ஒரு கம்ப வச்சுக் கிண்டி மட்டும் விடணும். நனைஞ்ச எடத்த மட்டும் அள்ளி வாழ மூட்டுல போட்டுட்டுப் புது உமி போடணும். ஆச்சி, சாம்பிராணியும் வேண்டாம். புகை காட்டுனீயன்னா நாத்தம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போயிரும்."

"ஒனக்குத் தெரியணும்னு நாங்க சாம்பிராணி போடாம இருக்கணுமாக்கும்" என்றார்கள் அத்தை. ஆனால், போடவில்லை.

வாரம் ஒருமுறை அவர் வருவார். பின்வாசல் கதவைத் திறந்ததும் நின்று ஒரு மூச்சு இழுப்பார். பிறகு கூட்டுக்குள் தலையை விட்டு இன்னொரு மூச்சு. உமியை ஒரு கை அள்ளி முகர்ந்து, "சரி" என்பார். தன் பங்கு முட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோய்விட்டுக் கூடையில் வைப்பார்.

"முட்டைய மோந்தா என்னக்கா தெரியும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒரு மண்ணும் தெரியாது. கை அங்கன போயிப் பழகிட்டு" என்று சொல்லி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இன்று அந்த ஆலை இல்லை. அது மூடப்பட்டபின் மகன் வேலை பார்க்கும் திருப்பூருக்குப் போய்விட்டார். போகும்போது இரண்டு கோழிகளைக் கொண்டுபோனார், இரண்டை எங்களுக்கே விட்டுவிட்டார். அவருடைய முகத்தை நினைத்தால் இப்போதும் பாதி மூடிய கண்களும் சற்று உயர்ந்த முகவாயும்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன. எதையோ கேட்டுக்கொண்டிருப்பவரின் முகம் அது.

கோழிகள் வந்த மூன்றாம் மாதம் ஒரு புகார் வந்தது. மகள் அதற்குள் தேறத் தொடங்கியிருந்தாள். நகத்தில் சிவப்பு தெரிந்தது. வழிபாட்டில் கடைசிப் பாட்டு வரை நின்றதாகச் சொன்னாள். அடுத்த வீட்டு மாமா ஓய்வுபெற்ற அதிகாரி, அத்தைக்குத் தூரத்து உறவு. ஒரு புதன்கிழமை காலையில் வாசலில் நின்று, அவர் உள்ளே வரவும் மறுத்துவிட்டார்.

"கோழி நாத்தம் எங்க பூச ரூம் வரைக்கும் வருது மதினி. நம்ம தெருவுல இப்படி ஒரு காரியம் உண்டா? நான் சொல்லல. தெருவே சொல்லுது."

அத்தையும் மூக்கைச் சுளித்துப் பார்த்தார்கள். உண்மைதான். எங்கள் அடுப்படிச் சன்னல் வரைக்கும் ஒரு வாடை வந்துகொண்டிருந்தது. "வெள்ளிக்கெழமைக்குள்ள எல்லாத்தையும் அவகிட்டயே குடுத்திரு" என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போய்விட்டார்கள்.

அன்று நான் நடந்துகொண்டதை மறைக்க விரும்பவில்லை. விளைவுகளை எடைபோட்டுப் பார்ப்பது என் தொழில், அதைத்தான் அன்றும் செய்தேன். வீட்டில் சண்டை வந்தால் மகள் வருந்துவாள். தெருவோடு பகைத்தால் அத்தை வருந்துவார்கள். சத்துமாவு போன்ற வேறு வழிகளும் இருக்கலாம். இப்படியெல்லாம் கூட்டிக் கழித்துவிட்டு, கூட்டருகே ஒருமுறைகூடப் போய்ப் பார்க்காமல், அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன்: "அக்கா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. கோழியக் கூட்டிட்டுப் போயிருங்க. நாத்தம்னு சொல்லுதாங்க."



"யாரு சொல்லுதா?"

"எல்லாரும்."

"நீங்க மோந்து பாத்தியளா?"

நான் வேறு எதையோ சொல்லத் தொடங்கினேன். அவர் வைத்துவிட்டார்.

மதியத்துக்குள் வந்துவிட்டார். தலைமுடியில் உமி அப்படியே இருந்தது, களத்திலிருந்து நேராக வந்திருக்கிறார். கையில் சாக்கு இல்லை. என்னைத் தாண்டி நேராகப் பின்கட்டுக்குப் போனார். முதலில் கூட்டுக்குள் தலையை விட்டார். அவ்வளவு நேரம் அவர் உள்ளே இருந்து நான் பார்த்ததில்லை. பிறகு நிமிர்ந்து, காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரோரமாக அடிமேல் அடி வைத்து நடந்தார். கிணற்றைக் கடந்தார். துணி துவைக்கும் கல்லைக் கடந்தார். வாழைகளுக்கு இடையில் ஒரு கல் பலகை போட்டு மூடிய தொட்டி இருக்கிறது. எங்கள் குளியலறைத் தண்ணீரும் அடுப்படிக் கழுநீரும் போய் விழும் தொட்டி அது. அதன் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"ஆச்சியக் கூப்பிடுங்க."

அத்தை வந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு மாமா தொண்டையைக் கனைப்பது கேட்டது.

"ஆச்சி, நாத்தம் கோழியோடதில்ல. உங்க வீட்டுத் தொட்டிதான். சண்டும் சகதியும் அடைச்சு, தண்ணி போவாமப் புழுத்துக் கெடக்கு. பலகை ஓரத்துல பாருங்க, கசியுது."

சொல்லிவிட்டார். அந்த வீட்டின் பின்கட்டில், அந்த வீட்டு அம்மாவிடம், நாறுவது உங்கள் வீடு என்று ஒருவர் சொல்லிவிட்டார். வீட்டுச் சுகாதாரம் பற்றி ஊர் ஊராகப் பேசியவள் நான். அந்தத் தொட்டியை நான் மணமாகி வந்த நாள் முதல் ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை.

அத்தை தொட்டியருகே போனார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார்கள். முட்டி வலியோடு கூட்டின் முன்னால் சிரமப்பட்டுக் குனிந்து, கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டார்கள். கோழிகள் கொக்கரித்தன. தலையை வெளியே எடுத்தபோது நரைமுடியில் ஒரு வைக்கோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"உமி வாசம்தான் வருது" என்றார்கள். சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படியாகச் சொன்னார்கள். அப்புறம், நூறு வருடப் பழக்கம் வாயில் தானாக வந்ததுபோல, அவரைப் பார்த்து, "சரி, கண்டுபிடிச்சிட்டே. உங்க பக்கத்துல யாராச்சும் ஆளு இருந்தாக் கூட்டியாந்து அள்ளிப் போடச் சொல்லு" என்றார்கள்.

அவர் கோபப்படவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அஞ்சாங்கிளாஸ்ல எங்க பெஞ்சிலருந்து நாத்தம் வருதுன்னு சொல்லுவாவ ஆச்சி. தெனம் சொல்லுவாவ. நான் வீட்டுக்குப் போயிக் கையக் கால மோந்து மோந்து பாப்பேன், எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு நாளு பொறுக்க முடியாம எந்திரிச்சு, கிளாஸ் முழுக்க மோந்துக்கிட்டே போனேன். டீச்சரு அலமாரிக்கு அடியில எலி செத்துக் கெடந்துச்சு. அன்னைலேருந்து எங்களக் காட்டி நாத்தம்னு எவரு சொன்னாலும், நான் எந்திரிச்சுப் போயித் தேடிருவேன்."

"டீச்சர் என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"என்ன சொல்லுவாவ? எலியத் தூக்கிப் போடச் சொன்னாவ. என்னயத்தான்."

அத்தை அந்தக் கல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு என்னிடம் திரும்பி, "ஏளா, உம் மாப்பிள்ளைக்குப் போனப் போடு. சனிக்கெழம மதுரையிலேருந்து வரச் சொல்லு. அவன் குளிச்ச தண்ணிதான, அவனே வந்து அள்ளட்டும்" என்றார்கள்.

நான் அவரை வாசல்வரை கொண்டுவிட்டேன். நன்றி என்ற சொல்லை அப்போது சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "எனக்கு எதுக்கு யக்கா? கோழி என்னோடதுலா. அத நாறுதுன்னு சொன்னா என்னயச் சொன்ன மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினார். அவர் ஏற்காத அந்த நன்றியைத்தான் இவ்வளவு நாள் கழித்து இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். என் மகள் மயங்காமல் நிற்பதற்காக மட்டுமல்ல. ஓர் ஊரிலிருந்து சுகாதாரப் புகார் வந்தால், யார் பெயரையும் காகிதத்தில் எழுதும் முன்பு நான் அந்த இடத்துக்குப் போய் நிற்கிறேன், மூச்சை இழுக்கிறேன், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்கிறேன். எந்தப் பல்கலைக்கழகமும் எனக்கு அதைத் தரவில்லை.

சனிக்கிழமை என் கணவர் வந்தார். மதுரையில் ஒரு வங்கியில் அதிகாரி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் ஆழத் தொட்டிக்குள் இறங்கினார். நான் மேலே நின்று வாளியை வாங்கி வாழை மூட்டில் கொட்டினேன். இருவருக்கும் குமட்டியது. அடுத்த வீட்டு மாமா சன்னலை மெல்லச் சாத்திக்கொண்டார். அன்று முடியாமல், ஞாயிறு காலையிலும் அதே வேலை. கடைசி வாளியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு கணவர் மேலே ஏறிக் கால் கழுவும்போது பின்வாசல் கதவு திறந்தது. தன் பங்கு முட்டைக்காக அவர் வந்திருந்தார்.

வழக்கம்போல நின்று ஒரு மூச்சு இழுத்தார். கண்கள் பாதி மூடின. தொட்டியருகே நடந்து போய்க் குனிந்தார். என் கணவர், கையில் செம்போடு, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் மாணவனைப் போல நின்றார்.

"அண்ணாச்சி நல்லாத்தான் அள்ளியிருக்காவ" என்றார் அவர். பிறகு தயங்கி, "அந்த வடக்கு மூலையில மட்டும் கொஞ்சம் கெடக்கு."

"அங்க ஒண்ணும் இல்லம்மா, நான் நல்லா வழிச்சுட்டேன்" என்றார் என் கணவர்.

கூட்டின் முன்னால் உட்கார்ந்து கம்பால் உமியைக் கிண்டிக்கொண்டிருந்த அத்தை தலையைக்கூடத் திருப்பவில்லை.

"அவ சொல்லுதால்லா? எறங்கு லே."